வெட்டாமல் விட்ட கதவு

பீட்டருக்குச் சோறு பிசைந்து உருட்டி வைப்பது கிளாராவின் வேலையாகி இருபத்து மூன்று நாளாகிவிட்டது. முப்பத்து நாலு வயது ஆம்பிளை, படகு என்ஜின் டிரைவர், திக்லிபூரில் பெண்டாட்டி சுபிதாவும் பிள்ளையும் உள்ளவன். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கட்டு. ஸ்பூனைப் பிடித்தால் இடது கை கோணுகிறது, பாதிச் சோறு பாயில் விழுகிறது. அதனால் அக்காக்காரி உருண்டை பிடித்துத் தட்டில் வைப்பாள், அவன் இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் அவள் புருஷன் வேதநாயகத்துக்குத்தான் சோறு இறங்க மாட்டேன் என்றது.

"இன்னும் ரெண்டு உருண்டை தின்னுல. சூரை மீனு, முள்ளெல்லாம் எடுத்துட்டேன்" என்றாள் கிளாரா.

"போதும்க்கா."

"என்னத்தப் போதும்? மாத்திரை எம்புட்டு முழுங்குத. வெறும் வயித்துல முழுங்கினா கொடலு வெந்துரும். வாயத் தெற."

அவர்கள் குடியிருந்த புரோத்ராபூரில் அந்த வருடம் மார்ச் மாதமே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்துப் பெங்காலி வீட்டுக் கத்தரிப் பாத்தியில் ஹோஸ் பைப் சொட்டும் சத்தம் கேட்டது. பீட்டர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, வேதநாயகம் பயந்துகொண்டிருந்தபடியே, அந்தக் கேள்வியை எடுத்தான்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா. அந்த எடத்துல கதவு இருந்துச்சுல்லா?"

"எந்த எடத்துல?"

"படகுலதான். வால்வுக்கு நேரா. போட்டு கட்டும்போது பைப்பு மாட்டினது நான்தான. நீங்க பிளைவுட்டுல சின்னதா ஒரு கதவு வெட்டி வச்சிருந்திய. கண்ணால பாத்தேன். அன்னைக்கு முழங்காத் தண்ணில நின்னு தடவுதேன், தடவுதேன், விளிம்பே கையில அம்புடல. கதவுன்னா ஒரு கீறலாவது இருக்கணும்லா?"

கிளாரா புருஷனைப் பார்த்தாள். மரவேலைச் சந்தேகம் எல்லாம் மிஸ்திரியிடம் கேட்க வேண்டியதுதானே. ஊரில் ஆசாரி என்பவனை இந்தத் தீவில் மிஸ்திரி என்பார்கள். வேதநாயகம் மிஸ்திரி என்றால் ஜங்லிகாட் மீன் ஜெட்டியிலிருந்து ஹேவ்லாக் ரிசார்ட் வரை தெரியாதவர் கிடையாது.

வேதநாயகம் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். "பதட்டத்துல அப்படித்தான் இருக்கும் மாப்ள. இருக்கதும் தெரியாது" என்றான்.

"இவன் சின்னதுலயே அப்படித்தான்" என்றாள் கிளாரா, மீனைப் பிட்டுக்கொண்டே. "தூத்துக்குடியில ஒரு மட்டம் பாம்பு வந்துட்டுன்னு கதவ இழுக்காம சுவத்த இழுத்தவன்லா."

பீட்டர் சிரிக்கவில்லை. "பயந்துட்டேன் போலுக்கு" என்றான். அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னான்.

அந்தச் சோற்றை வேதநாயகம் எப்படி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஏனென்றால் பீட்டர் பயப்படவில்லை. அங்கே கதவும் இல்லை, கீறலும் இல்லை. இல்லாமல் செய்தது வேதநாயகம்தான்.

நடந்தது இதுதான். போன வருடம் சந்திரசேகர் முதலாளி ஹேவ்லாக் ஓட்டத்துக்கு ஒரு படகு கட்டினார். உள்ளே உட்காரும் இடம் ஓட்டல் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிளைவுட் சுவர் முழுக்கப் படாக்கு மரத்தின் வெனீர் ஒட்டும் வேலை வேதநாயகத்துக்கு வந்தது. வெனீர் என்பது மரத்தின் தோல், அவ்வளவுதான். தடிமனான காகிதம் அளவுக்குச் சீவி எடுத்த தகடு. ஆனால் ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய தகடுகளை வரிசை மாறாமல் ஒட்டினால், சுவர் முழுக்க ஒரே மரம் நிற்கிறது என்று சத்தியம் செய்யலாம். சிவப்பு ரேகை இந்த மூலையில் கிளம்பி அந்த மூலை வரை அறுபடாமல் ஓடும்.

அதற்கு வேதநாயகத்திடம் ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் சுவருக்கு ஒரு துண்டு, கதவுக்கு ஒரு துண்டு என்று ஒட்டுவார்கள். அவன் கதவுகளை மூடி வைத்து, எல்லாவற்றின் மேலும் ஒரே தகடாக ஒட்டிவிடுவான். பசை இறுகியபின் கதவின் இடுக்கைப் பார்த்து பிளேடு போட்டு வெட்டித் திறப்பான். அப்படிச் செய்தால் ரேகை கதவுக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். முதலில் மூடு, பிறகு திற. இருபது வருடமாக அவன் செய்கிற முறை இது, ஒரு தடவையும் பிசகியதில்லை.

அந்தப் படகில் நாலு கதவு. மூன்றை வெட்டிவிட்டான். நாலாவது, என்ஜினுக்குக் கடல் தண்ணீர் இழுக்கும் வால்வுக்கு நேரே இருந்த கதவு. அந்த இடத்தில் படாக்கு ரேகை சுழித்துச் சுழித்து நெருப்புக் கொழுந்து மாதிரி எழும்பி நின்றது. அப்படி ஒரு சுழி பத்துக் கட்டையில் ஒன்றில் வரும். பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மனசு வரவில்லை.

சந்திரசேகர் முதலாளி பின்னால் வந்து நின்றார். "அரே மிஸ்திரி! இதுலயா பிளேடு போடப் போறீங்க? போட்டோ எடுக்கணும், பூஜைக்கு ஆபீசருங்க வர்றாங்க. பூஜை முடியட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்."

"வால்வு உள்ள இருக்கு சார்."

"வால்வை யாரு தினமும் திறந்து மூடுறா? டென்ஷனே வேணாம்."

முதலாளி சொன்னார் என்பது உண்மை. ஆனால் முதலாளி சொன்னதைக் கேட்டதும் வேதநாயகத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதும் உண்மை. மறுநாள் விடிகாலை திக்லிபூர் பஸ். பீட்டரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், வேதநாயகம்தான் ஞானத்தகப்பன். பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தான். பிள்ளையைக் கையில் ஏந்தினான், பாக்குத் தோப்பில் இரண்டு நாள் விருந்து சாப்பிட்டான். திரும்பி வந்தால் ஹேவ்லாக்கில் வேறு வேலை தயாராக இருந்தது. அதற்காக ஜெட்டியில் நின்றபோது அதே படகு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பார்த்தான். ஞாபகமும் வந்தது. பிளேடு பெட்டியில்தான் இருந்தது, ஐந்து நிமிட வேலை. நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தான். மறந்தவனை மன்னிக்கலாம். இவன் மறக்கவில்லை, தள்ளிப்போட்டான்.

ஐந்து மாதம் ஓடிய படகுக்கு பிப்ரவரியில் பழைய டிரைவர் போய், பீட்டர் வந்து சேர்ந்தான். வந்த ஒன்பதாம் நாள், ஹேவ்லாக்கிலிருந்து பதினெட்டுப் பேரோடு திரும்பும்போது வால்வோடு சேர்ந்த ரப்பர்க் குழாய் கழன்று, கடல் உள்ளே பாய்ந்தது. பீட்டர் வால்வை மூட ஓடினான். கதவு இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும், நேராக அங்கேதான் போனான். போய்த் தடவினான். ஏழெட்டு நிமிடம் தடவியிருக்கிறான். அப்புறம் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கி ஒரு சாண் மேலே இடித்து உடைத்து, உடைந்த பிளைவுட்டின் பற்களுக்குள் கையை விட்டு வால்வைத் திருகினான். வால்வு மூடியது. படகு மூழ்கவில்லை, பதினெட்டுப் பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பீட்டரின் மூன்று விரல்களுக்குப் போகும் நரம்பு அறுந்துபோனது. கட்டுப் பிரித்தாலும் அவை மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தவக்காலம் வேறு. வேதநாயகம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான், போகாமலிருந்தால் கிளாரா கேட்பாள். சாமியார் உட்கார்ந்திருந்த கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு, "வேலையில அசட்டையா இருந்தேன் சாமி" என்றான். சாமியார் மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அந்தக் கணக்குக்கு அது சரியான தண்டனைதான். கோயிலை விட்டு வெளியே வந்தபோது, உள்ளே போனபோது இருந்ததைவிடத் தான் பெரிய பொய்யனாகிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அந்த வாரமே சந்திரசேகர் முதலாளி கூப்பிட்டனுப்பினார். படகைக் கரையேற்றி ஜங்லிகாட் பக்கம் ஒரு ஸ்லிப்பில், படகு பழுதுபார்க்கும் சரிவில், நிறுத்தியிருந்தார்கள். அடியில் கட்டையைக் கொடுத்து, தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார்கள். உடைந்த சுவரை முதலாளி காட்டினார். ஓட்டை அப்படியே இருந்தது. அதிலிருந்து கீழே நாலு விரல் அகலத்துக்கு வெனீர் கிழிந்து, ஒட்டாமல் தொங்கியது.

"திங்கட்கிழமை சர்வேயர் வர்றார்" என்றார் முதலாளி. "அவர் எழுதித் தந்தாதான் படகு மறுபடி ஓடும். இந்த ஓட்டையைத் தொடாதீங்க, இது இருக்கட்டும். கீழ அந்தக் கதவை மட்டும் வெட்டித் திறந்து வச்சிருங்க. ஆரம்பத்துலேர்ந்து இருந்த மாதிரி."

வேதநாயகத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அப்போ பீட்டரு?"

"பதறிப்போய்ட்டான். கதவு பக்கத்துலயே இருக்கு, கவனிக்காம மேல உடைச்சிட்டான். மனுஷன்தானே."

"அவன் சர்டிபிகேட்ட பிடுங்கிருவாவளே சார்."

"அந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே என்ஜினா ஓட்டப் போறான்? டிக்கெட் கவுண்டர்ல உட்கார வைக்கிறேன், என் பொறுப்பு." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கதவே இல்லைன்னு வந்தா, மிஸ்திரி யாருன்னுதான் முதல்ல கேட்பாங்க. யோசிச்சுக்குங்க."

வேதநாயகம் யோசித்தான். யோசித்த பிறகும் செய்தான். அதுதான் அவனால் பிறகு தாங்க முடியாமல் போனது.

மிச்சமிருந்த தகடுகளை வீட்டுப் பரணிலிருந்து எடுத்தான். அதே கட்டையின் தகடுகள், முதுகில் சாக்பீஸால் போட்ட நம்பர்கூட அழியவில்லை. கிழிந்த இடத்துக்குப் பொருந்தும் தகட்டைத் தேடி, ஈரத்துணியால் துடைத்து, பலகைக்கு அடியில் வைத்துச் சுருக்கம் எடுத்தான். ஸ்லிப்பில் உச்சி வெயில் ஏறும்வரை காத்திருந்தான். கடல் காற்றில் ஈரம் இருந்தால் பசை பால் மாதிரி வெளுத்துவிடும். பழைய கிழிசலை நேராக நறுக்காமல் ரேகையின் வளைவோடு வளைத்து நறுக்கினான், நேர்க்கோடு கண்ணில் குத்தும். சுவரிலும் தகட்டிலும் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்தான். வைத்தால் வைத்ததுதான், பசை திரும்ப எடுக்க விடாது. உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினான். பிறகு பிளேடை எடுத்து, அந்தக் கொழுந்துக்கு நடுவே, போன வருடமே வெட்ட வேண்டிய கோட்டை வெட்டினான். கதவு திறந்தது. அதன் விளிம்புகளுக்கு மெல்லிய நாடாவாக வெனீர் ஒட்டி, பித்தளை வளையம் பதித்தான்.

எல்லாம் புதுசாகத் தெரிந்தது. அதனால் கையில் என்ஜின் எண்ணெயையும் தூசியையும் குழைத்துக்கொண்டு, வளையத்தைச் சுற்றிப் பெருவிரலால் தேய்த்தான். ஐந்து மாதமாகப் பலபேர் திறந்து மூடிய கை அழுக்கு. தேய்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அட, என்று ஒரு பெருமை வந்தது. அவ்வளவு நேர்த்தி. அந்தப் பெருமை வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை சர்வேயர் வந்தார். பிஸ்வாஸ் என்று பெயர், இங்கேயே பிறந்து வளர்ந்த பெங்காலி, கொஞ்சம் தமிழும் பேசுவார். பீட்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு, துவைத்த சட்டை போட்டு, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். காலையில் கிளாராதான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, "பதறாமச் சொல்லு, என்ன" என்று அனுப்பியிருந்தாள்.

பிஸ்வாஸ் ஓட்டையைப் பார்த்தார். குனிந்து பித்தளை வளையத்தை இழுத்தார். கதவு பூப்போலத் திறந்தது. உள்ளே வால்வு, கைக்கு எட்டும் தூரத்தில்.

"தர்வாஜா இதர் ஹை" என்றார் பீட்டரிடம். "தும்னே கோலா கியூன் நஹீ?" கதவு இங்கேயே இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை என்கிற கேள்வி. அதட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டார்.

பீட்டர் கதவையே பார்த்தான். இடது கையை நீட்டி விளிம்பை ஒரு சுற்றுத் தடவினான். வளையத்தைத் தொட்டான். அங்கே படிந்திருந்த அழுக்கைப் பார்த்தான். தன் கண்ணையும் கையையும் நம்புவதை அவன் ஒரேயடியாக விட்டுவிட்டதை வேதநாயகம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"டர் கயா தா சாப்" என்றான் பீட்டர். பயந்துட்டேன் சார்.

பிஸ்வாஸ் எழுத ஆரம்பித்தார்.

"பொய் சார்" என்றான் வேதநாயகம். குரல் அவனுக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. "அவன் பயப்படல. அன்னைக்கு அங்க கதவு கிடையாது. நான் மூடி ஒட்டிட்டு வெட்டாம விட்டுட்டேன். போன வெள்ளிக்கிழமதான் வெட்டினேன்."

சந்திரசேகர் முதலாளி சட்டென்று சிரித்தார். "பீட்டரோட மச்சான் சார் இவர். பாசத்துல பேசுறார்."

பிஸ்வாஸ் மறுபடி குனிந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நிமிர்ந்து வேதநாயகத்தின் தோளில் கை வைத்தார். "மிஸ்திரி, உன் மனசு அச்சா. ஆனா நான் முப்பது வருஷம் போட்டு பார்க்கிறான். இது பழசு. கை அழுக்கு பாரு. ரேகை பாரு, எங்கயும் ஒட்டு இல்ல. சாலாவுக்காக, மச்சினனுக்காகப் பொய் சொல்லாதே."

தன் வேலையை அதுவரை எத்தனையோ பேர் புகழ்ந்து வேதநாயகம் கேட்டிருக்கிறான். இப்படிக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றிய புகழ்ச்சி வேறு இல்லை.

"ஒட்டு இருக்கு சார்" என்றான்.

பெட்டியிலிருந்து பட்டிக்கத்தியை எடுத்தான். முதலாளி, "அண்ணே, அண்ணே" என்று கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் கத்தியின் நுனியைக் கொழுந்தின் நடுவில், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அந்த வளைகோட்டில் இறக்கிவிட்டான். நெம்பினான். தகடு முதலில் முரண்டு பிடித்து, பிறகு சரசரவென்று உரிந்து வந்தது. இன்னும் முழுசாக இறுகாத பசை நூல் நூலாக இழுபட்டது, அதன் நெடி குப்பென்று எல்லோர் மூக்கிலும் ஏறியது. கதவு விளிம்பில் ஒட்டிய நாடாவையும் உருவிப் போட்டான். அடியில் கை படாத பிளைவுட் வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்து மாதம் திறந்து மூடிய கதவு அப்படி இருக்காது.

பிஸ்வாஸ் அந்தப் பசையை விரலால் தொட்டு, பெருவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதுத்தாள் எடுத்தார். "முதலாளி, நீங்க வெளியே இருங்க. மிஸ்திரி, முதல்லேர்ந்து சொல்லு."

வேதநாயகம் சொன்னான். கொழுந்து ரேகையைச் சொன்னான், பூஜையைச் சொன்னான், ஹேவ்லாக் போக ஜெட்டியில் நின்றபோது ஞாபகம் வந்ததையும் சொன்னான். எங்கெங்கே கையெழுத்து என்று கேட்டு அங்கெல்லாம் போட்டான். பீட்டர் அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஒரு தடவை மட்டும் வாய்க்குள் ஏதோ சொன்னான். "அப்போ நான் பயப்படல" என்று சொன்ன மாதிரி இருந்தது.

வெளியே ஸ்லிப்பில் வெயில் தகித்தது. பீட்டர் முன்னால் ஏணியில் ஒற்றைக் கையால் இறங்கி, ரோட்டைப் பார்த்து நடந்தான். வேதநாயகம் பின்னாலேயே போனான். பிடித்துக்கொள்ள ஆசை, தொட பயம். பஸ் நிற்குமிடம் வந்ததும் பீட்டர் நின்றான்.

"அத்தான், அன்னைக்குச் சாப்பிடும்போது, பதட்டத்துல அப்படித்தான் இருக்கும்னு சொன்னியல்லா. அது வாய்தவறி வந்துச்சா, யோசிச்சுச் சொன்னியளா?"

வாய்தவறி என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியே அதற்கு ஒரு வழி விட்டுத்தான் வந்தது. வேதநாயகத்தின் நாக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தது.

"யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றான்.

பீட்டர் தலையாட்டினான். கோபப்படுவான், அடிப்பான், அழுவான் என்றெல்லாம் வேதநாயகம் எதிர்பார்த்திருந்தான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கை போனாப் போவுது. போட்டுல நிக்கவனுக்குக் கை போறது புதுசில்ல" என்றான் பீட்டர். "ஆனா ஒரு மாசமா, நமக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன் அத்தான். இனிமே எவனையும் ஏத்திக்கிட்டு ஒரு போட்டுல ஏறப்படாதுன்னு சுபிதாட்ட போன்ல சொல்லி அழுதேன். நீங்க எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திய."

திக்லிபூர் போகிறவன் ஏற வேண்டிய பஸ் அது இல்லை. ஆனாலும் வந்து நின்ற முதல் பஸ்ஸில் பீட்டர் ஏறினான். படியில் நின்று திரும்பினான்.

"அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவ கேட்டா, பீட்டரு ஊருக்குப் போயிட்டான்னு மட்டும் சொல்லாதீய. ஏன் போனான்னும் சேத்துச் சொல்லுங்க."

பஸ் போன பிறகும் வேதநாயகம் அங்கேயே நின்றான். சட்டைப் பையில் போன் அடித்தது. கிளாரா. இரண்டாம் தடவையும் அடித்தது. பசை ஒட்டிய விரலால் எடுத்துக் காதில் வைத்தான்.

"என்ன ஆச்சு? எம் தம்பி பதறாமச் சொன்னானா?" என்று கேட்டாள் கிளாரா.